கணவாய்க்கு எத்தனை விடை? கடற்கரைச் சொற்களின் பிறப்பைத் தேடவும் சொல்லறிவைச் சோதிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பன் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றில் சனிக்கிழமை சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இருபது சொற்களைக் கொடுத்துப் பொருள் எழுதச் சொன்னேன். பதினோராவது சொல் 'கணவாய்'. கையில் இருந்த வழிகாட்டி நூலில் 'மலைகளுக்கு இடையே உள்ள வழி' என்று இருந்தது. முக்கால்வாசிப் பிள்ளைகள் 'மீன்' என்று எழுதியிருந்தார்கள். சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு பையனின் அப்பத்தா விடைத்தாளோடு வந்துவிட்டார்.

"ஏன் சார், எங்க வீட்டுல வாரத்துல மூணு நாளு கொழம்பு வைக்கிறத இல்லவே இல்லைன்னு போட்டுருக்கீகளே?"

"இல்ல அப்பத்தா, புத்தகத்துல மலைன்னு..."

"இங்கன எங்க சார் மலை இருக்கு?"

பதில் இல்லை. பாம்பனில் நின்று கண்ணுக்கு எட்டிய தூரம் பார்த்தால் மணல் மேடும் பனையும் பாலமும்தான் தெரியும். பாலக்காட்டுக் கணவாயும் தமிழ்தான், குழம்பில் கொதிக்கும் கணவாயும் தமிழ்தான். தவறு விடையில் இல்லை, கேள்வியில் இருந்தது. அதன் பிறகு சொல் தேடுகிற முறையையும் தேர்வு வைக்கிற முறையையும் மாற்றிக்கொண்டேன். இப்போது நான் செய்வதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஆசிரியர், நூலகர், பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் சொல்லித்தருகிற பெற்றோர் யாரும் இதைச் செய்யலாம். ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதல் படி: எந்தக் கேள்வி என்று பிரியுங்கள்

'இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?', 'இது எங்கிருந்து வந்தது?', 'இதை எங்கே, யாரிடம் சொல்லலாம்?' இவை மூன்றும் வேறு வேறு கேள்விகள். படகைத் திருப்பும் சுக்கான் அரபுச் சொல் என்று தெரியாத ஒருவர் நாற்பது வருடம் படகு ஓட்டியிருப்பார். அது அரபு என்று தெரிந்த எனக்குச் சுக்கானைப் பிடிக்கத் தெரியாது. பிறப்பைத் தெரிந்துகொள்வதால் சொல் நினைவில் நிற்கும், சுவையும் கூடும். ஆனால் அது தெரிந்தால் பொருள் தெரிந்த மாதிரி என்று நினைத்துத் தேர்வு வைத்தால் என்னைப் போல மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டாம் படி: முதலில் கரை, அப்புறம் அகராதி

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். சொல் கேட்கப் போக நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. ஆட்கள் கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பார்கள், பேசவும் நேரம் இருக்கும்.

'அணியம் என்றால் என்ன?' என்று கேட்காதீர்கள். கேட்டால் உங்களுக்காக ஒரு புத்தகத் தமிழ் வரும். படகின் முன்பக்கத்தைக் கையால் தொட்டு, "அண்ணே, இத எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம் என்று அவராகவே சொல்வார். அதே ஆள் அரை மணி நேரம் கழித்து, "அணியத்துல கெடக்குற கயித்த எடுடா" என்று மகனை விரட்டுவார். நோட்டில் எழுத வேண்டியது அந்த வாக்கியத்தைத்தான். சொல், சொன்ன ஊர், சொன்னவரின் தொழில், ஏறத்தாழ வயது, சொன்ன வாக்கியம் முழுசாக: இந்த ஐந்தும் இல்லாத குறிப்பு ஆறு மாதத்தில் பயனற்றுப் போகும்.

காதைக் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள். படகின் உரிமையாளர் சம்மாட்டி. கல் உடைப்பது சம்மட்டி. ஒரு கால் வித்தியாசம். முதல் முறை நான் அதைத் தவறாக எழுதிக்கொண்டு வந்து, 'ஏன் முதலாளியைச் சுத்தியல் என்கிறார்கள்' என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

காற்றுப் பெயர்களைக் காற்று அடிக்கும்போது கேளுங்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம். ஏதோ ஒரு மத்தியானத்தில் வரிசையாகக் கேட்டால் திசை மாறிப்போகும். முகத்தில் காற்று அடிக்கும்போது கேட்டால் தப்பே வராது. இன்னொன்று: கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் 'கச்சான்' என்றால் வேர்க்கடலையும்கூட. அங்கே உறவுக்காரர்கள் உள்ள வீட்டில் கேட்டால் இரண்டு பொருளும் வரும். ஒன்றை வெட்டிவிடாமல் இரண்டையும் எழுதுங்கள்.

மூன்றாம் படி: அகராதிகளை இந்த வரிசையில் திறங்கள்

முதலில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு வந்தது. இன்றைய பொருளை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு தரும். அடுத்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன்: 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், பிறகு ஓர் அனுபந்தம். லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். பிற மொழியிலிருந்து வந்த சொல் என்று கருதினால் மூலத்தையும் குறித்திருக்கும். மூன்றாவது, பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. 1961இல் வந்தது, திருத்திய இரண்டாம் பதிப்பு 1984. ஒரு சொல்லின் உறவுகள் மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு, கோண்டி என்று எங்கெல்லாம் இருக்கின்றன என்று ஒரே பதிவில் பார்க்கலாம். பின்னிரண்டும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கூடவே அங்கே 1862இல் வெளிவந்த வின்ஸ்லோ அகராதியும் இருக்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய பொருள் வேண்டுமென்றால் அதுதான்.

கடற்கரைச் சொல் எதிலுமே இல்லாமலும் போகும். அகராதியில் இல்லை என்பதால் சொல் இல்லை என்று ஆகிவிடாது.

நான்காம் படி: சொல்லின் முதல் எழுத்தைப் பாருங்கள்

ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய வரிசைகளில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பது தொல்காப்பியர் காலத்துக் கணக்கு. சல்லடையாக இதைப் பயன்படுத்தலாம். ரசீது, லாந்தர், டப்பா எல்லாம் உடனே மாட்டும். இந்த விதியால்தான் வந்த சொற்கள் உரு மாறவும் செய்தன. ராமன் இராமன் ஆனது தெரிந்ததே. பாரசீகத்து 'லங்கர்' நம் கரைக்கு வந்து 'நங்கூரம்' ஆனதில் லகரம் போய் நகரம் வந்திருப்பதைக் கவனியுங்கள்.

ஆனால் சல்லடையில் ஓட்டை உண்டு. 'ரெண்டு' ரகரத்தில் தொடங்குகிறது, அது இரண்டுதான். 'ரொம்ப' என்பது நிரம்ப. பேச்சில் முன்னெழுத்து உதிர்ந்திருக்கலாம். எனவே பேச்சு வடிவத்துக்கு எழுத்து வடிவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு வெளியூர்க்காரன் என்று முத்திரை குத்துங்கள்.

மறுபக்கமும் உண்டு. முதலெழுத்து தமிழ் மாதிரியே இருந்துகொண்டு உள்ளே வேறு ஊர்க்காரராக இருப்பவர்கள்: சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துக்கீசியம். இவற்றில் ஜகரத்தைத் தவிர வேறு எதுவும் காட்டிக்கொடுக்காது.

ஐந்தாம் படி: கதைகளை எடை போடுங்கள்

ஒவ்வொரு சொல்லுக்கும் ஊரில் ஒரு கதை இருக்கும். கதை சொல்பவரை மறுத்துப் பேச வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு மூன்று கேள்வி போடுங்கள்.

ஒன்று, திசை பொருந்துகிறதா? 'சோழ நாட்டிலிருந்து வீசுவதால் சோழகம்' என்று எனக்கு ஒருவர் விளக்கினார். கேட்க அழகாக இருந்தது. ஆனால் பாம்பனில் நின்றால் தஞ்சாவூர் வடக்கே. சோழகம் தெற்கிலிருந்து வருகிறது. சோழ நாட்டிலிருந்து வந்தால் அது வாடையாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் வலை முடிந்துகொண்டிருந்த இன்னொருவர், "அங்கேருந்து வாரதில்ல சார், பாய் விரிச்சா அங்க கொண்டுபோய் விடுறது" என்றார். இது திசைக்குப் பொருந்துகிறது. பொருந்துவதால் மட்டும் நிரூபணம் ஆகாது. ஆனாலும் முதல் கதையைவிட ஒரு படி மேல்.

இரண்டு, உடைத்தால் மிச்சம் நிற்கிறதா? கடற்பசுவை இங்கே ஆவுளியா என்பார்கள். 'ஆ' என்றால் பசு, அதனால் ஆவுளியா என்று ஒரு விளக்கம் உடனே வரும். சரி, 'உளியா' என்ன? அதற்குப் பதில் சொல்லாத விளக்கம் பாதி விளக்கம். பாதி விளக்கத்தை நோட்டில் எழுதலாம், கரும்பலகையில் எழுதக் கூடாது.

மூன்று, ஓசை ஒற்றுமை மட்டும்தானா? 'நாவாயிலிருந்து இங்கிலீஷ்காரன் நேவி என்று எடுத்துக்கொண்டான்' என்பது எல்லா மேடையிலும் கேட்பது. இங்கிலீஷ் நேவிக்குப் பின்னால் லத்தீன் 'நாவிஸ்' இருக்கிறது, அதன் உடன்பிறப்பாகக் கிரேக்க 'நவுஸ்', சமஸ்கிருத 'நௌ' இருக்கின்றன. அந்தக் குடும்பத்துக்கு அவர்கள் வீட்டிலேயே பரம்பரை இருக்கும்போது நம் வீட்டுப் பட்டாவைக் காட்டுவது வீண். உண்மையிலேயே நாம் கொடுத்தவை குறைச்சல் இல்லை. கட்டுமரம் இங்கிலீஷில் 'கட்டமரான்' ஆனது. மலாய்க்காரர்களின் 'கப்பால்' நம் கப்பல், 'கெடை' நம் கடை. இவற்றுக்கு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

சில சொற்களுக்கு இரண்டு விளக்கமும் நிற்கும். மரைக்காயர் என்பதை மரக்கலத்தோடு சேர்ப்பவர்கள் உண்டு, படகைக் குறிக்கும் அரபு 'மர்கப்' என்பதோடு சேர்ப்பவர்களும் உண்டு. இரண்டும் கடலுக்கே போகின்றன என்பது ஓர் ஆறுதல். ஒரே விடை கேட்கும் கேள்வியாக இதை வைக்காதீர்கள்.

'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று தொல்காப்பியம் சொல்லும். சொல்லுக்கு ஏன் இந்தப் பொருள் வந்தது என்பது பார்த்தவுடன் பளிச்சென்று தெரியாதாம். பளிச்சென்று தெரிகிற விளக்கத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருவதற்கு இந்த வரிதான் காரணம்.

ஆறாம் படி: சொல் நடந்த வழியை வரையுங்கள்

பிறப்பு ஒரு புள்ளி. அங்கிருந்து சொல் நடந்த வழிதான் சுவாரசியம்.

கீழக்கரைக்குப் போங்கள். அங்கே செய்கு அப்துல் காதர் என்ற பெயர் நாவில் தேய்ந்து சீதக்காதி ஆகி, 'செத்தும் கொடை கொடுத்தான்' என்ற தொடரோடு தமிழ்நாடு முழுக்கப் போயிருக்கிறது. அங்கே தின்னக் கிடைக்கும் தொதல், அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுவது, மலாய்த் தீவுகளின் 'தொதோல்'. பண்டமும் பெயரும் ஒரே கப்பலில் வந்தவை. அதே வீட்டில் அம்மாவை உம்மா என்று அரபில் கூப்பிடுவார்கள், வழிபாட்டைத் தொழுகை என்றும் விரதத்தை நோன்பு என்றும் பழந்தமிழில் சொல்வார்கள். மசூதிக்குப் பள்ளிவாசல் என்பார்கள். பள்ளி என்ற சொல்லைப் பாருங்கள்: படுக்கும் இடம், சமண முனிவர் தங்கும் இடம், பிள்ளைகள் படிக்கும் இடம், தொழும் இடம். ஒரே சொல் இத்தனை வீட்டில் குடியிருந்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது மாலுமி. இந்தச் சொல்லைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, இது அரபு 'முஅல்லிம்' என்று லெக்சிகன் சொல்வதைச் சொன்னேன். கீழக்கரையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு சிறுமி எழுந்து, "சார், அது எங்க மதரசாவுல ஓதிக்கொடுக்குறவங்க" என்றாள். அவள் சொன்னதும் சரி. அரபில் இல்ம் என்றால் அறிவு, ஆலிம் என்றால் அறிஞர், முஅல்லிம் என்றால் கற்பிப்பவர். இந்தியப் பெருங்கடலில் வழி தெரிந்து கப்பலை நடத்துபவருக்கும் அதே பெயர். கடல் வழியாக வந்த முஅல்லிம் உப்புக்காற்றில் தேய்ந்து மாலுமி ஆனார். பள்ளி வழியாக வந்தவர் தேயாமல் முஅல்லிமாகவே இருக்கிறார். ஒரே சொல் இரண்டு வாசல் வழியாக ஒரே ஊருக்குள் வந்திருக்கிறது. இப்படி ஒன்று கிடைத்தால் அன்று வேறு பாடமே வேண்டாம்.

பழைய நூல்களிலும் ஒரு கண் வையுங்கள். கொண்டல் என்றால் கிழக்குக் காற்று என்று இன்று கரையில் சொல்வதற்குச் சாட்சி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. தொண்டியோர் கப்பலில் அனுப்பிய அகிலின், கருப்பூரத்தின் மணத்தைச் சுமந்துகொண்டு கொண்டல் மதுரைக்குள் நுழைகிறது. ஒரு எச்சரிக்கை: மேற்குக் கரையில் சேரர்களுக்கும் ஒரு தொண்டி இருந்தது. இந்தப் பாட்டில் வருவது எந்தத் தொண்டி என்று காற்றின் திசையை வைத்தே பிரிக்கலாம்.

ஏழாம் படி: தேர்வை எழுதுங்கள்

சொல்லறிவில் நான்கு தட்டு உண்டு என்று அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1965இல் எழுதினார். ஒன்று, பார்த்ததே இல்லை. இரண்டு, கேட்டிருக்கிறேன், ஆனால் பொருள் தெரியாது. மூன்று, வாக்கியத்தில் வந்தால் புரியும். நான்கு, நன்றாகத் தெரியும். இருபது சொல்லைக் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை எண் போடச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. எந்தச் சொல்லில் தேர்வு வைக்கலாம் என்று இதிலேயே தெரிந்துவிடும். எல்லோரும் 1 போட்ட சொல்லையும் எல்லோரும் 4 போட்ட சொல்லையும் தூக்கிவிடுங்கள்.

பிள்ளைகள் பெருமைக்கு 4 போடுவார்கள். அதற்கு ஒரு தந்திரம் உண்டு: இல்லாத சொல்லைக் கலப்பது. 30 உண்மைச் சொல்லுக்கு 10 பொய்ச் சொல். பொய்ச் சொல் தமிழ் மாதிரி ஒலிக்க வேண்டும், 'நொவலை', 'கெழுப்பம்' என்பதுபோல. 'தெரியும்', 'தெரியாது' என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். ஒருவன் உண்மைச் சொல்லில் 24க்கு (80 சதவீதம்) தெரியும் என்கிறான், பொய்ச் சொல்லில் 2க்கும் (20 சதவீதம்) தெரியும் என்கிறான். 80இலிருந்து 20ஐக் கழித்து, 100இலிருந்து 20ஐக் கழித்த 80ஆல் வகுத்தால் 0.75. அதாவது அவனுக்கு உண்மையில் 75 சதவீதம்தான் தெரியும். பொய்ச் சொல் எழுதும்போது கரையில் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள். நான் உருவாக்கிய ஒன்று பக்கத்து ஊரில் ஒரு மீனின் பெயராக இருந்தது.

கோடிட்ட இடம் நிரப்பும் கேள்வியில் தமிழுக்கே உரிய ஒரு பள்ளம் இருக்கிறது. '_____த் திருப்பினான்' என்று எழுதினால் அந்த 'த்' பாதி விடையைச் சொல்லிவிடும். வினைமுற்றும் காட்டிக்கொடுக்கும். 'வந்தது' என்று முடிந்தால் மாலுமியாக இருக்க முடியாது. எனவே நான்கு விடைகளும் ஒரே வேற்றுமையில், ஒரே திணையில் இருக்க வேண்டும். ஒற்று மிகும் இடத்தைத் தவிர்த்து வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். பாதிப் பேர் இதை மறந்துவிட்டுப் பிள்ளைகளுக்கு இலக்கணத் தேர்வு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பல பொருள் உள்ள சொல்லுக்குப் பொருள் கேட்காதீர்கள், வாக்கியம் கொடுங்கள். 'பார்' எடுத்துக்கொள்வோம். 'அங்கே பார்', 'பார் புகழும் வேந்தன்', 'வலை பாரில் மாட்டிக் கிழிந்தது', 'முத்துப்பாரில் குளித்தார்கள்.' எந்த இரண்டு வாக்கியத்தில் ஒரே பார் வருகிறது? கடைசி இரண்டும் கடலடிப் பாறைத்திட்டுதான். கரைப் பிள்ளைகள் நொடியில் சொல்வார்கள், டவுன் பிள்ளைகள் விழிப்பார்கள். (சாலையோரம் பெயர்ப்பலகையில் இருக்கும் ஐந்தாவது பாரைப் பிள்ளைகளின் தேர்வில் போட வேண்டாம்.) 'பாய்' இன்னும் நல்லது. படுக்கும் பாயும் படகில் விரிக்கும் பாயும் ஒரே சொல். முடைந்த பாயையே மரத்தில் கட்டிய காலம் உண்டு. "வாங்க பாய்" என்பதில் வருவது இந்துஸ்தானியிலிருந்து வந்த வேறு ஆள். ஒரு சொல்லின் இரு பொருளா, ஒலி ஒத்த இரு சொல்லா என்ற வித்தியாசத்தைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியாக ஒரு கேள்வியாவது சொல்லைப் பயன்படுத்தச் சொல்லும் கேள்வியாக இருக்கட்டும். 'அணியம், அமரம், சுக்கான் மூன்றும் வரும்படி, கரையேறும் படகைப் பற்றி மூன்று வரி எழுதுக.' திருத்த நேரம் ஆகும். ஆனால் சுக்கானை அணியத்தில் மாட்டுகிற பிள்ளை யார் என்று இதில்தான் தெரியும்.

எட்டாம் படி: பிள்ளைகளைத் திருத்திய பிறகு கேள்விகளைத் திருத்துங்கள்

மதிப்பெண் வரிசைப்படி விடைத்தாளை அடுக்குங்கள். மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம் எடுப்பது நெடுநாள் வழக்கம். 30 பேர் என்றால் மேலே 8, கீழே 8. ஒவ்வொரு கேள்விக்கும் இரு கூட்டத்திலும் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். மேல் கூட்டத்தில் 7, கீழ்க் கூட்டத்தில் 2 என்றால் நல்ல கேள்வி. இரண்டிலும் 8 என்றால் யாரையும் பிரிக்கவில்லை, எளிய தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். மேல் கூட்டம் தவறி, கீழ்க் கூட்டம் சரியாக எழுதியிருந்தால் கேள்வியில்தான் கோளாறு.

அப்பத்தா வந்துபோன அன்று இரவு பழைய விடைத்தாள்களை எடுத்து இப்படி எண்ணினேன். கணவாய்க்கு 'மலையிடை வழி' என்று எழுதியவர்கள் மேல் கூட்டத்தில் ஒருவர், கீழ்க் கூட்டத்தில் நான்கு பேர். அந்த நான்கு பேரும் அதே வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்தவர்கள். மற்றக் கேள்விகளையெல்லாம் நன்றாக எழுதிய பிள்ளைகள் தங்கள் வீட்டுக் குழம்பை எழுதி, என் சிவப்பு மையை வாங்கியிருக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை விடைத்தாள்களைத் திரும்ப வாங்கி, எல்லோருக்கும் அந்த ஒரு மதிப்பெண்ணைப் போட்டேன். 'மீன் என்று எழுதியவர்களுக்கு அரை மதிப்பெண் குறைக்கலாமா, கணவாய் மீனே இல்லையே, சிப்பி, நத்தை வகையாயிற்றே' என்று ஒரு நொடி கை தயங்கியது. வாசலில் அப்பத்தா நின்றுகொண்டிருந்தார். முழு மதிப்பெண்ணாகவே போட்டுவிட்டேன்.